இது எங்க போயி குந்தும்?

பெங்களூர் அடுகோடியில் நான் வேலை பார்த்த யூனிட்டுக்குக் கஸ்டமர் யாராவது வந்தால், ஓனர் "காபி சொல்லட்டுமா" என்று கேட்பார். மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தவர், "இது எங்க போயி குந்தும்?" என்று கேட்பார். வந்தவர் கையில் இருக்கும் அளவு போட்ட படத்தை வாங்கிப் பார்ப்பதற்கு முன்னாலேயே அந்தக் கேள்வி வந்துவிடும். பதில் வராமல் மிஷினில் கை வைக்க மாட்டார்.

அவரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாதியில் நீங்களே கண்டுபிடித்து, அதானே பார்த்தேன் என்பீர்கள். அவரைக் கல்யாணம் பண்ணிக்கொள்ள எனக்கு ஆசை இருந்தது. ரொம்பவே இருந்தது. இத்தனை வருஷம் கழித்து இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது.

தொண்ணூறுகளின் கடைசி அது. எங்கள் யூனிட்டில் பாலியஸ்டர் பிலிமை லேசரில் வெட்டிக் கொடுப்போம். பிலிம் என்றதும் போட்டோ பிலிம் என்று நினைப்பார்கள். இது வேறு. கண்ணாடி மாதிரித் தெரிவதும் உண்டு, பால் வெள்ளையில் கெட்டியாக இருப்பதும் உண்டு. மின்சாரம் இதைத் தாண்டிப் போகாது. அதனால் மோட்டாருக்குள், மீட்டருக்குள், யூ.பி.எஸ். பெட்டிக்குள், எது எதோடு உரசக் கூடாதோ அந்த இரண்டுக்கும் நடுவில் இதை வைப்பார்கள். முன்பெல்லாம் ஒவ்வொரு வடிவத்துக்கும் டை என்கிற இரும்பு அச்சு செய்து பிரஸ்ஸில் அடிப்பார்களாம். ஓனர் எங்கிருந்தோ பழைய லேசர் மிஷின் ஒன்றை வாங்கிப் போட்ட பிறகு, காலையில் படம் கொடுத்தால் சாயங்காலம் துண்டு தயார். அவர் வெட்டுவார். நான் மேஜையில் உட்கார்ந்து துண்டுகளை ஷீட்டிலிருந்து பிரித்து, ஓரத்தில் படிந்த புகைக்கறையை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, கவரில் போடுவேன். பிலிம் கருகும் வாசனை தலைமுடியில் ஏறிக்கொள்ளும். மல்லிகைப் பூ வைத்தாலும் அந்த வாசனைதான் ஜெயிக்கும்.

யூனிட்டில் எல்லோரும் அவரை அண்ணா என்று கூப்பிட்டார்கள். எனக்கு மட்டும் அந்த வார்த்தை தொண்டையைத் தாண்டவில்லை. "ஏங்க", "இங்க பாருங்க" என்று சமாளித்துக்கொண்டிருந்தேன். அவரும் என்னை "ஏங்க" என்பார். கேட்பவர்களுக்கு நாங்கள் புருஷன் பெண்டாட்டி மாதிரித்தான் தெரிந்திருக்கும். ஓனர் ஒருநாள் சிரித்ததை நான் கவனித்தேன்.

கஸ்டமர்களில் பாதிப் பேருக்கு அவருடைய கேள்வி எரிச்சலாக இருக்கும். "நினக்யாகப்பா அதெல்லா? கட் மாடு", உனக்கெதுக்கு அதெல்லாம், வெட்டிக் கொடு என்று கன்னடத்தில் கடிப்பார்கள். அவருக்குக் கோபம் வராது.

"பர்வால்ல, சொல்லு சார். தெரியாம எப்டி வெட்றது?"

"படத்துல அளவு போட்டிருக்குதே."

"அளவு தெரியுது சார். எடம் தெரியல."

கடைசியில் அந்த ஆள் சலிப்போடு சொல்வார். டெலிபோன் எக்சேஞ்சில் ஒரு பெட்டி, அதற்குள் ஒரு போர்டு, போர்டின் அடிப்பக்கம் பெட்டியில் படாமல் இருக்க இது நடுவில் போகும் என்பார்.

"அப்ப இது நடுவுல இல்லன்னா?"

"ஷார்ட் ஆகும். பொகையும்."

"ஆ" என்று சொல்லி அவர் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும். நமக்கெல்லாம் லாட்டரி விழுந்தால்தான் அப்படி மலரும். உடனே என் பக்கம் திரும்பி, "கேட்டீங்களா? டெலிபோன்ல போறதாம்" என்பார். நான் ரொம்ப ஆச்சரியம் போலத் தலையாட்டுவேன்.

பிறந்த குழந்தைகளைச் சூட்டில் படுக்க வைக்கும் மிஷினுக்கு ஒரு தடவை ஆர்டர் வந்தது. அன்றைக்குச் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்துதான் ஷீட்டை எடுத்தார். என்னையும் கழுவிவிட்டு வரச் சொன்னார். "கொழந்தை மேல படப்போறதில்லீங்களே, உள்ளதான இருக்கும்" என்றேன். "இருந்தா இன்னா? கழுவிட்டு வாங்க" என்றார். போய்க் கழுவிவிட்டு வந்தேன்.

இன்னொரு கஸ்டமர் இவரை வாயடைக்க, "ராக்கெட்ல போகும்யா, போதுமா?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். இவர் நம்பிவிட்டார். ஸ்ரீராம்புரத்தில் அவர் வீட்டுத் தெரு முழுக்க இந்த ராக்கெட் கதை பரவி, கடைக்காரர்கள் எல்லாம் "ராக்கெட்டு" என்றே அவரைக் கூப்பிட ஆரம்பித்தார்களாம். அப்புறம் பிள்ளையார் சதுர்த்தி வந்தது. தெருமுனைப் பந்தலில் சீரியல் லைட் ஓட்டும் பெட்டி மழையில் நின்றுபோக, இவர்தான் போய்த் திறந்திருக்கிறார். உள்ளே நாங்கள் வெட்டிய அதே துண்டு. மறுநாள் வந்து சிரித்துச் சிரித்துச் சொன்னார்.

"கோவம் வரலியா உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"இன்னாத்துக்கு? ராக்கெட்னா நம்மால பாக்க முடியுமா? இத பாத்துட்டேன்ல."

நாங்கள் வெட்டுவது எதுவும் வெளியே தெரியாது. எந்த மிஷினாக இருந்தாலும் அதன் வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துவிடும். வாங்குகிறவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அதனால்தானோ என்னவோ, யார் வீட்டுக்குப் போனாலும் எதையாவது திறந்து பார்க்க வேண்டும் என்று அவருக்குக் கை துறுதுறுக்கும். சட்டைப் பையில் பேனா இருக்காது, ஸ்க்ரூ டிரைவர் இருக்கும். ஓனர் வீட்டுக் கிருகப்பிரவேசத்தில் சட்னிக்குத் தேங்காயை வெட்டி வைத்துவிட்டு மிக்ஸியைத் தேடினால், அது மாடிப்படியில் கவிழ்ந்து கிடக்கிறது, பக்கத்தில் இவர் மண்டிபோட்டு அதன் அடிப்பாகத்தைக் கழற்றிக்கொண்டிருக்கிறார். சமையல்காரர் போட்ட சத்தத்தில் ஹோமப் புகைக்கு நடுவிலிருந்து ஐயரே எழுந்து வந்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் வருகிறார் என்றால் எங்கள் யூனிட் ஆட்கள் வீட்டில் மிக்ஸியைப் பீரோவில் வைத்துப் பூட்டுவதாக ஒரு பேச்சு உண்டு. கிளப்பிவிட்டது நான்தான்.

தை, மாசியில் பெங்களூர்க் காற்று காய்ந்துவிடும். அப்போது பிலிமைக் கையாள முடியாது. ஒரு ஷீட்டை எடுத்தால் இன்னொன்றும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். சின்னத் துண்டுகள் கையை உதறினாலும் விழாது, துப்பட்டாவில் தாவி உட்காரும். கோணிச் சாக்கை நனைத்துத் தரையெல்லாம் போடுவோம், அப்படியும் அடங்காது. சாயங்காலம் நான் கிளம்பும்போது முதுகில் ஏதாவது ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அவர் பார்த்துவிடுவார். கை நீட்டி எடுக்க மாட்டார். "ஏங்க, முதுகுல ஒண்ணு போவுது" என்பார். நான் எட்டாத மாதிரி நடிப்பேன். அப்போதும் எடுக்க மாட்டார். ஒருநாள் எரிச்சலில் அப்படியே பஸ் ஏறிவிட்டேன். மறுநாள் காலையில் முதல் வேலையாக வந்து கேட்டார்.

"நேத்து உங்க கூட ஒண்ணு வந்துதே, அது எங்க போச்சு?"

"எங்க வீட்டுக் கண்ணாடியில ஒட்டி வெச்சிருக்கேன். பொட்டு வெக்கும்போது அது வழியாதான் பாக்கறேன்."

அவர் மிஷின் பக்கம் திரும்பிக்கொண்டார். காது மட்டும் சிவந்திருந்தது.

ஆனால் எனக்கு ஒரு குறை இருந்தது. ஒரு துண்டு பிலிமுக்கு இத்தனை விசாரணை வைக்கிற மனுஷன், என்னை ஒரு நாளும் எந்த ஊர் என்று கேட்டதில்லை. பெங்களூரில் இரண்டு தமிழர்கள் சந்தித்தால் மூச்சு விடுவதற்கு முன்னால் கேட்கிற கேள்வி அது. எந்த ஊர், ஊருக்குள் எந்தப் பக்கம், சொந்தக்காரர்கள் யார் என்று போய்க்கொண்டே இருக்கும். இவர் யாரையும் கேட்டதில்லை. புதிதாக ஹெல்பர் ஒருவர் சேர்ந்தபோது நாங்கள் எல்லோரும் சுற்றி நின்று விசாரித்தோம். இவர் மட்டும், "சாப்டாச்சா?" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போனார். கேட்க மாட்டார் என்று தெரிந்து நானே ஒருநாள், "எங்களுக்குக் கிருஷ்ணகிரி பக்கம்" என்றேன். "சரிங்க" என்றார். அவ்வளவுதான். அன்று முழுக்க நான் அவரோடு பேசவில்லை. பேசவில்லை என்பதை அவர் கவனித்தாரா என்றுகூடத் தெரியவில்லை.

தன்னைப் பற்றி அவராகச் சொன்னது உண்டு. அப்பா கார்ப்பரேஷனில் ரோடு கூட்டுகிறார், வீட்டில் புத்தர் படம் இருக்கிறது, அம்மா அதற்குத்தான் பூப் போடுவார் என்று டிபன் பாக்ஸைத் திறந்தபடி ஒருநாள் சொன்னார். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார். என் பாக்ஸிலிருந்த எலுமிச்சை சாதத்தில் பாதியை அவர் மூடியில் போட்டேன். அவர் சாப்பிட்டார். எனக்குத் தெரிந்து அன்றைக்குத்தான் எங்கள் விஷயம் நிச்சயமானது. மற்றவர்களுக்கு எப்படியோ, எனக்கு நிச்சயமானது.

அப்பா இல்லாததால் என் கல்யாணம் அண்ணன் கையில் இருந்தது. அண்ணன் டெம்போ ஓட்டிக்கொண்டிருந்தார். அம்மா, அண்ணி என்று நாங்கள் எல்லோரும் ஆனேபாளையாவில் ஒரே வீட்டில் இருந்தோம். ஓசூர்ப் பக்கமிருந்து வரன்கள் வர ஆரம்பித்தன. இனி இந்த மனுஷனை நம்பிப் பயனில்லை என்று நானே வாயைத் திறந்தேன்.

"எங்க வீட்டு மிக்ஸி ஒரு மாதிரி சத்தம் போடுது. ஞாயித்துக்கிழமை வந்து பாருங்க."

"மிக்ஸியவா?"

"மிக்ஸியத்தான்."

கையிலிருந்த ஷீட்டை மேஜையில் வைத்தார். "உங்க அண்ணன் இருப்பாரா?" என்றார். இருப்பார் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஒரு சீப்பு வாழைப்பழமும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு வந்தார். மிக்ஸி ரிப்பேருக்கு யாராவது ஆப்பிள் வாங்கிக்கொண்டு வருவார்களா? அண்ணனுக்கு உடனே புரிந்துவிட்டது. முதலில் சந்தோஷமாகத்தான் வரவேற்றார். நல்ல வேலை, குடிப்பழக்கம் இல்லாத முகம். நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"எந்த ஏரியா நீங்க?"

"ஸ்ரீராம்புரம்."

"ஸ்ரீராம்புரத்துல எங்க?"

சொன்னார்.

"சொந்த ஊரு?"

"தாத்தா காலத்துலேந்து இங்கதான்."

"அதுக்கு முன்ன?"

சொன்னார்.

"அப்பா என்ன பண்றாரு?"

"கார்ப்பரேஷன்ல."

"கார்ப்பரேஷன்ல என்னவா இருக்காரு?"

"ரோடு கூட்றாரு."

எல்லாவற்றையும் ஒரே குரலில் சொன்னார். அண்ணன் கேட்கக் கேட்கத்தான், இவர் ஏன் எந்த மனுஷரையும் இடம் கேட்பதில்லை என்று எனக்கு உறைத்தது. எங்கே என்ற கேள்வி அவரிடம் வரும்போதெல்லாம் எதற்கு வருகிறது என்று சின்ன வயதிலிருந்தே அவருக்குத் தெரிந்திருக்கிறது. பிலிமைக் கேட்டால் பிலிமுக்கு வலிக்காது.

அண்ணன் எழுந்துபோய்ச் சமையலறையில் அண்ணியிடம் ஏதோ சொன்னார். காபி வந்தது. அண்ணனுக்கும் எனக்கும் எவர்சில்வர் டம்ளரில் வந்தது. அவருக்கு, அண்ணன் மகள் பிறந்தநாளுக்கு வாங்கி மிச்சமாகியிருந்த பிளாஸ்டிக் கப்பில் வந்தது. குடித்துவிட்டுத் தூக்கிப் போடுகிற கப். என் டம்ளரை நான் தொடவில்லை. அண்ணி என் கண்ணைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

அவர் காபியை நிதானமாகக் குடித்தார். கப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "மிக்ஸி எங்கங்க?" என்றார். அதில் எந்தக் கோளாறும் இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கொண்டுவந்து கொடுத்தேன். கவிழ்த்து, ஸ்க்ரூவைக் கழற்றி, உள்ளே பார்த்தார். மோட்டாரின் ஓரமாகத் தெரிந்த பிலிமை நகத்தால் தடவினார். லேசரில் வெட்டியிருந்தால் ஓரம் லேசாக உருகி, நகத்தில் ஒரு வரம்பு தட்டும்.

"இது நம்ம வெட்டினது இல்லீங்க. டையில அடிச்சது" என்று என்னிடம் சொன்னார். திரும்ப மூடி, துடைத்து, ஒரு தடவை ஓட்டிக் காட்டினார். நன்றாகத்தான் ஓடியது.

"எவ்வளவு ஆச்சு?" என்று அண்ணன் சட்டைப் பையில் கையை விட்டார்.

"ஒண்ணுமில்லீங்க" என்று எழுந்தார். போகும்போது அந்தக் கப்பைக் கையோடு எடுத்துக்கொண்டு போனார்.

அன்றைக்கு வீட்டில் நடந்த சண்டையை எழுதினால் இந்தத் தாள் தாங்காது. மறுநாள் யூனிட்டுக்குப் போனேன். அவர் எப்போதும் போல ஷீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசியது. பேச வேண்டியது எத்தனையோ இருக்க, வாயில் வந்தது இதுதான்.

"கப்ப ஏங்க எடுத்துக்கினு போனீங்க?"

"அங்க வெச்சிருந்தா அது எங்க போயிருக்கும்னு எனக்குத் தெரியுங்க" என்றார். "எங்கப்பா கூட்ற குப்பையில தெனம் பாக்கறதுதான."

நான் அழுதேன். மிஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அழுது முடித்துவிட்டு, "நான் வந்துடறேன். எங்க கூப்பிட்டாலும் வர்றேன். ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பண்ணிக்கலாம்" என்றேன்.

அவருக்கு ஆசை இல்லாமல் இல்லை. கண்ணில் தெரிந்தது. ஆனாலும் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"நீங்க எங்க வூட்டுக்கு வந்தா எங்கம்மா உங்கள ராணி மாதிரி வெச்சுக்கும். அதில்ல. எங்கம்மா ஒருநாள் உங்க வூட்டுக்கு வரணும்ல? பேரனப் பாக்கவோ எதுக்கோ. அதுக்கு எதுல காபி குடுப்பாங்க?"

அண்ணனைக் கேட்டுப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், சாப்பிடாமல் படுத்துப் பார்த்தேன். "அவன் தங்கமான பையன்தான்டி, யாரு இல்லேன்னா?" என்று அண்ணனே சொன்னார். அதைச் சொல்லிவிட்டு ஓசூர் வரனுக்கு ஜாதகம் கொடுக்கப் போனார். அம்மா நடுவில் உட்கார்ந்து இரண்டு பேருக்கும் பொதுவாக அழுதாள்.

அவர் அவசரப்படவில்லை. பிடிவாதமும் பிடிக்கவில்லை. தினமும் வந்தார், வெட்டினார், கஸ்டமர்களைக் கேட்டார். நான் துண்டுகளைப் பிரித்துத் துடைத்தேன். எனக்கு வந்த வரன்களை நான் தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தேன். வெளியில் பார்த்தால் ஒரு மாற்றமும் இல்லை. அண்ணன் மனசு இறங்கும் என்று நான் காத்திருந்தேன். இறங்காது என்று தெரிந்தே அவர் என்னோடு சேர்ந்து காத்திருந்தார் என்றுதான் இப்போது தோன்றுகிறது. அப்படியே ஒரு வருஷம் ஓடியது. என் வாழ்க்கையில் நல்ல வருஷம் எது என்று கேட்டால், அந்த அழுத வருஷத்தைத்தான் சொல்வேன்.

அப்புறம் ஓனர் யூனிட்டை ஹெப்பகோடிப் பக்கம் பெரிய ஷெட்டுக்கு மாற்றினார். அத்தனை தூரம் போகக் கூடாது என்று அண்ணன் என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். கடைசி நாள், சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். லேசர் மிஷினுக்கு அவரே கம்பளி சுற்றிக் கட்டினார். கட்டி முடித்து என்னிடம் வந்து, "உடம்பப் பாத்துக்குங்க" என்றார். அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

சில மாதம் கழித்து, அண்ணனுக்குத் தெரியாமல் பஸ் ஏறி ஹெப்பகோடிக்குப் போனேன். மிஷினில் வேறு யாரோ நின்றிருந்தார்கள். ஒரு கஸ்டமர் படத்தைக் கொடுத்தார், அந்த ஆள் ஒன்றும் கேட்காமல் வாங்கி வைத்துக்கொண்டான். ஓனர் என்னைப் பார்த்து எழுந்து வந்தார். அவர் வேலையை விட்டுப் போய்விட்டாராம். அவர் அம்மா தவறிப்போனதும் ஸ்ரீராம்புரத்து வீட்டையும் காலி பண்ணிவிட்டாராம்.

"எங்க போனாரு சார்?"

"கொத்தில்லம்மா, தெரியல" என்றார் ஓனர். "கேட்டேன். சொல்லல. வேற மிஷின் எங்கயோ ஓட்டறான்னு நெனைக்கறேன்." எனக்குக் காபி வரவழைத்துக் கொடுத்தார்.

அடுத்த ஆவணியில் எனக்கு ஓசூரில் கல்யாணம் நடந்தது.

வீட்டுக்காரர் நல்லவர். அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். கல்யாணமான புதிதிலேயே, "வாங்க போங்கல்லாம் வேணாம், பேரச் சொல்லியே கூப்பிடு" என்றார். இன்றுவரை பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன், மாமியாருக்கு அது பிடிக்காவிட்டாலும். எங்கள் அம்மா அப்படியில்லை. அப்பா பெயரை அவள் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. ரேஷன் கடையில், ஆஸ்பத்திரியில், யாராவது கேட்டால் என் கையை அழுத்துவாள். நான் சொல்வேன். எனக்கு அது ஒரே சிரிப்பாக இருக்கும்.

போன மாதம் டி.வி. ரிப்பேர்க்காரன் வந்திருந்தான். பின்பக்கத்தைத் திறந்து வைத்திருந்தான். நான் குனிந்து உள்ளே பார்த்து, பிலிமின் ஓரத்தை நகத்தால் தடவிக்கொண்டிருந்ததைக் கல்லூரியிலிருந்து வந்த என் மகள் பார்த்துவிட்டாள். என்னம்மா பண்ற என்று கேட்டாள். யூனிட்டில் ஒருத்தர் இருந்தார் என்று ஆரம்பித்தேன். டெலிபோன், குழந்தை மிஷின், ராக்கெட், கிருகப்பிரவேச மிக்ஸி வரைக்கும் சொன்னேன். மற்றதைச் சொல்லவில்லை. அவள் சிரித்துக்கொண்டே, "சூப்பர் ஆளுமா. அவரு பேரு என்ன?" என்றாள்.

வாயைத் திறந்தேன். பெயர் நாக்கில் இருந்தது, வெளியே வரவில்லை. மறக்கவில்லை, மறக்கிற பெயரா அது. எத்தனை முயன்றும் சொல்ல வரவில்லை. "பேரு என்னம்மா?" என்று மறுபடி கேட்டாள். என் கை தானாகப் பக்கத்தில் யாரையோ தேடியது. அம்மாவுக்குப் பெயர் சொல்ல நான் இருந்தேன். எனக்குப் பக்கத்தில் அந்தப் பெயர் தெரிந்தவர்கள் யாரும் இல்லை.